பாஸ்வேர்ட் மேனேஜரைத் திறக்கும் பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

மடிப்பாக்கம்வாசி | சனி, காலை 7:40

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் போன வாரம் புது லேப்டாப் வாங்கினோம். அம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வயது 68. பேங்க், மின் கட்டணம், ரயில் டிக்கெட், பென்ஷன் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வார். பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரு பழைய டைரியில் இருக்கின்றன. பாதி அடித்துத் திருத்தியவை, எது கடைசியாக மாற்றியது என்று அவருக்கே தெரியாது. இதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று பாஸ்வேர்ட் மேனேஜர் பற்றிச் சொன்னேன். "ஒரே ஒரு பாஸ்வேர்டை ஞாபகம் வைத்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்" என்றேன்.

"அப்போ கம்ப்யூட்டரைத் திறக்கிற பாஸ்வேர்ட்?" என்றார் அம்மா.

அதையும் உள்ளேயே போட்டுவிடலாம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "பீரோ சாவியை பீரோவுக்குள்ளே வெச்சுப் பூட்டச் சொல்றியா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே காரியத்தை நான் செய்து அனுபவித்திருக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தரைத்தளத்தில் இருந்த என் லேப்டாப் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. மதர்போர்டு போய்விட்டது, கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் பிழைத்தது. புது போர்டு மாற்றிப் போட்டதும் நீலத் திரை வந்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. அந்த கீ என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. கணக்கின் பாஸ்வேர்ட், கீபாஸ் என்கிற பாஸ்வேர்ட் மேனேஜரின் கோப்பில் இருந்தது. கீபாஸ் கோப்பு அந்த எஸ்எஸ்டியில் இருந்தது. சரி, பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று சொல்லி மீட்கலாம் என்றால், மீட்புக்குக் கொடுத்திருந்தது எப்போதோ விட்டுவிட்ட பழைய மொபைல் எண்.

பதினோரு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது, திருச்சியில் இருக்கும் அக்காவிடம் ஒரு பென்டிரைவ் கொடுத்து வைத்திருந்தேன் என்று. அதில் ஒன்றரை வருடம் பழைய கீபாஸ் கோப்பு இருந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை. என் சோம்பேறித்தனம்தான் காப்பாற்றியது.

அதனால் கேட்கிறேன்: எதையெல்லாம் மேனேஜருக்கு வெளியே வைக்க வேண்டும்? வெளியே என்றால் மனதிலா, காகிதத்திலா?

ரிச்சித்தெரு_ரிப்பேர் | சனி, காலை 8:15

சார், ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் சர்வீஸ் பண்ணுகிறேன். உங்கள் கதை எங்களுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் வருகிற கதை.

டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் சாவி, போர்டில் இருக்கும் டிபிஎம் என்கிற சிப்போடு கட்டப்பட்டிருக்கும். போர்டு மாறினால் "இது வேறு மெஷின்" என்று அது நினைக்கும், உடனே ரெக்கவரி கீ கேட்கும். போர்டில் இருக்கும் பயாஸ் மென்பொருளின் அப்டேட்டுக்கே சில நேரம் கேட்கும். அது தன் வேலையைத்தான் செய்கிறது. சிக்கல் என்னவென்றால் பூட்டு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. கஸ்டமர் வந்து "நான் எதுவும் பூட்டவே இல்லையே" என்பார். நிஜம்தான், அவர் பூட்டவில்லை.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. லேப்டாப்பை முதலில் செட் பண்ணிக் கொடுத்தது யார்? கடைப் பையனோ, பக்கத்து வீட்டுத் தம்பியோ, அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியைப் போட்டிருப்பார். கீ அவர் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். நாலு வருடம் கழித்து அந்தப் பையனை எங்கே தேடுவது? அம்மா லேப்டாப் யார் ஐடியில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

மடிப்பாக்கம்வாசி | சனி, காலை 8:31

பார்த்தேன். என் ஐடியில்தான் இருக்கிறது. நான்தான் அந்தத் தம்பி.

டெர்மினல்பூனை | சனி, காலை 10:05

லாகின் திரை வரும்போது உங்கள் மேனேஜர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. பிரவுசர் இல்லை, எக்ஸ்டென்ஷன் இல்லை, எதையும் தானாக நிரப்ப ஆளில்லை. அதனால் அந்தத் திரைக்கு முன்னால் தேவைப்படும் எதுவும் மேனேஜருக்குள் மட்டும் இருக்கக் கூடாது. உங்கள் அம்மா சொன்ன பீரோ கணக்கு நூற்றுக்கு நூறு சரி.

என் கணக்கில் வெளியே நிற்க வேண்டியவை நாலு: கம்ப்யூட்டர் லாகின், டிஸ்க் ரெக்கவரி கீ, மேனேஜரைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்ட், முதன்மை மின்னஞ்சலின் பாஸ்வேர்ட். கடைசியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கும் கடிதம் வந்து சேருவது அங்கேதான்.

இதில் லாகினுக்கு பின் நம்பரே போதும். ஆறு இலக்கம் என்றால் பலவீனம் என்று தோன்றும், ஆனால் விண்டோஸில் அந்த பின் அந்த ஒரு மெஷினைத் தாண்டி வேறெங்கும் செல்லாது. சர்வருக்குப் போவதும் இல்லை. பலமுறை தவறாகத் தட்டினால் டிபிஎம் சிப்பே கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். அதே ஆறு இலக்கத்தை ஒரு வெப்சைட்டுக்கு வைத்தால் கதை வேறு. அங்கே கசிந்த பட்டியலை வீட்டுக்கு எடுத்துப்போய், விநாடிக்குக் கோடிக்கணக்கில் முயன்று பார்க்க முடியும். ஒரு எச்சரிக்கை: தினமும் பின் தட்டித் தட்டி, பின்னால் இருக்கும் நிஜ பாஸ்வேர்ட் மறந்தே போகும். அதைக் காகிதத்தில் எழுதாமல் விடாதீர்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டைத் தலையால் யோசிக்க வேண்டாம், பகடை உருட்டுங்கள். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995-இல் சொன்ன டைஸ்வேர் முறை இது. ஐந்து பகடை உருட்டினால் 6-இன் ஐந்தாம் அடுக்கு, 7776 வாய்ப்பு. அத்தனை சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு உரிய சொல்லை எடுக்க வேண்டும். ஒரு சொல் ஏறத்தாழ 12.9 பிட் (ஒரு பிட் கூடினால் ஊகிக்கும் வேலை இரட்டிப்பாகும்). ஆறு சொல் எடுத்தால் 77 பிட். பட்டியலும் முறையும் ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை, எந்த ஆறு என்பது தெரியாது.

திருவல்லிக்கேணி_பழசு | சனி, பகல் 12:20

தம்பி, ஆறு முகப் பகடைக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் தாயக்கட்டைதான் இருக்கிறது. அதை உருட்டினால் ஆகுமா?

டெர்மினல்பூனை | சனி, பகல் 12:48

அருமையான கேள்வி ஐயா. தாயக்கட்டைக்கு நாலு பக்கம். ஒரு ஜோடியை உருட்டினால் 16 வாய்ப்பு, சரியாக 4 பிட். கூட்டித் தாயம், ஐந்து என்று எண்ணாதீர்கள். கூட்டினால் சில எண்கள் அதிகம் விழும். முதல் கட்டை என்ன, இரண்டாவது கட்டை என்ன என்று தனித்தனியாக வரிசையில் குறிக்க வேண்டும். மூன்று தடவை உருட்டினால் 4096 வாய்ப்பு. 4096 தமிழ்ச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் செய்துவிட்டால், ஆறு சொல்லுக்கு 72 பிட். டைஸ்வேருக்கு ஒன்றும் பெரிய குறைவில்லை.

மடிப்பாக்கம்வாசி | சனி, பகல் 1:10

அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையில் எனக்கு மட்டும் தாயம் விழவே விழாது. அது நேர்மையான கட்டைதானா என்று எனக்கு முப்பது வருடச் சந்தேகம்.

கொளத்தூர்_கோடர் | சனி, பகல் 2:02

ஒரு சின்ன டவுட். நேராகத் தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்ட் வைத்தால் என்ன? வெளிநாட்டு ஹேக்கர் தமிழுக்கு எங்கே போவான்?

டெர்மினல்பூனை | சனி, பகல் 2:40

ஆசை எனக்கும் இருந்தது ப்ரோ. செய்து பார்த்துக் கைசுட்டுக்கொண்டேன்.

முதல் தொல்லை, 'கொ'. கம்ப்யூட்டரின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பின் 'ொ' என்கிற ஒரே குறி, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உள்ளே வேறு வேறு. சில மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் சரிபார்க்கும், சில அப்படியே எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கீபோர்டில் ஒரு மாதிரி, போனில் இன்னொரு மாதிரி போய்விட்டால் உங்கள் சொந்தக் கணக்கின் வாசலில் நீங்களே நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, நீளம். 'கோயம்பேடு' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் 9 குறிகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் என்று 27 பைட். பல தளங்கள் பாஸ்வேர்டைக் காக்கப் பயன்படுத்தும் பிகிரிப்ட் முறை 72 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது ஊர்ப் பெயரை முடிப்பதற்குள் எல்லை தாண்டிவிடும், அதற்கு மேல் நீங்கள் என்ன தட்டினாலும் அது கணக்கில் வராமலே போகலாம்.

மூன்றாவது, லாகின் திரையில் தமிழ்99 கீபோர்ட் இருக்காது. அல்லது இருக்கும், ஆனால் அடுத்தவர் கம்ப்யூட்டரில் இருக்காது.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதிலும் ழகரத்துக்கு இசட்-எச் போட்டேனா, வெறும் எல் போட்டேனா என்று மூன்று மாதம் கழித்து முழிக்க வேண்டிவரும். ஒரே விதியை முடிவுசெய்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பழமொழி, பாட்டு வரி எல்லாம் வேண்டாம். நமக்குத் தெரிந்த வரி பட்டியல் போடுகிறவனுக்கும் தெரியும்.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட் | சனி, இரவு 9:15

எங்கள் ஆபீஸில் (பெயர் வேண்டாம்) 45 நாளுக்கு ஒருமுறை லாகின் பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். பழைய பன்னிரண்டு பாஸ்வேர்டுகளைத் திரும்ப வைக்கக் கூடாது. விளைவு என்ன தெரியுமா? எங்கள் ஃப்ளோரில் பாதிப் பேருக்கு பாஸ்வேர்ட் என்பது மாதப் பெயர், ஒரு @, வருடம். இன்றைய தேதி தெரிந்தால் போதும்.

அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் நிஸ்ட் 2017-லேயே, கசிந்ததாகத் தடயம் இல்லாமல் சும்மா மாற்றச் சொல்லாதீர்கள் என்று வழிகாட்டுதலைத் திருத்திவிட்டது. அதற்கு முன்பு 2003-இல் வந்த வழிகாட்டியை எழுதிய பில் பர், தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அதே 2017-இல் பத்திரிகைக்குச் சொன்னார். எங்கள் ஆடிட் ஆட்களுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

அப்புறம் பீரோ சாவி பற்றி. 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டில் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் விழுந்தன. நம் ஊர் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே, அன்றைக்குத்தான். அன்று நான் ஷிப்டில் இருந்தேன். சரிசெய்யும் வழி எளிது: சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் டிஸ்க் பூட்டியிருக்கிறது, ஒவ்வொரு மெஷினுக்கும் 48 இலக்கம் வேண்டும். அந்த இலக்கங்களை வைத்திருந்த சர்வரும் அதே நீலத் திரையில். சார் வீட்டில் நடந்ததே பெரிய நிறுவனங்களில் ஆயிரம் மடங்காக நடந்தது. எங்கள் டீமில் ஒருவர் அந்த இலக்கங்களின் பழைய எக்ஸ்போர்ட் ஒன்றை ஏதோ ஒரு ஷேர்டு ஃபோல்டரில் வைத்திருந்தார். விதிமுறைப்படி அது தப்பு. அன்று காலை அவருக்கு மூன்று பேர் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

சந்தேகப்_பிராணி | சனி, இரவு 10:02

எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் கோத்துக் கண்டவன் வீட்டில் தொங்கவிடுவது எப்படி சார் பாதுகாப்பு? லாஸ்ட்பாஸ் மேனேஜரில் திருட்டுப் போன கதை மறந்துபோச்சா? நான் டைரியோடு இருந்துவிடுகிறேன்.

டெர்மினல்பூனை | சனி, இரவு 10:50

மறக்கவில்லை, அதைச் சரியாகவே பேசுவோம். 2022 ஆகஸ்டில் ஆரம்பித்து, கடைசியில் அவர்களுடைய மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் போய் முடிந்தது. அதில் பழைய பதிப்பில் கிடந்த ஒரு மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்து, தட்டுவதைப் பதிவுசெய்யும் கீலாகர் வைத்து, அவர் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டும்போதே பிடித்தார்கள். வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் போய்விட்டன என்பது டிசம்பரில்தான் வெளியே வந்தது. பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில் இருந்தன. தள முகவரிகள் அப்படி இல்லை, யாருக்கு எந்த பேங்கில் கணக்கு என்பது வெட்ட வெளிச்சம்.

யாருக்கு அடி விழும்? மாஸ்டர் பாஸ்வேர்ட் பலவீனமாக இருந்தவர்களுக்கு. அதிலும் பழைய கணக்குகள் சிலவற்றில், அந்த பாஸ்வேர்டை அரைத்துச் சாவியாக்கும் சுற்று 5000 அல்லது அதற்கும் கீழே அப்படியே விடப்பட்டிருந்தது. இன்று அப்படி அரைக்கும் பிபிகேடிஎஃப்2 முறைக்கு ஆறு லட்சம் சுற்று சொல்கிறார்கள். ஆறு சொல் பகடை பாஸ்வேர்ட் வைத்திருந்தால் பிரதியைத் திருடியவன் இன்னும் பகடைதான் உருட்டிக்கொண்டிருப்பான்.

அடுத்தவர் வீட்டில் தொங்கவிடப் பிடிக்கவில்லை என்றால் கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது, கோப்பு உங்களிடமே. அதற்கான விலை, பிரதி எடுப்பது உங்கள் வேலை. மடிப்பாக்கம் சாருக்கு நடந்தது அதுதான். பிட்வார்டன் மாதிரி திறந்த நிரல் சேவை என்றால் போனிலும் கம்ப்யூட்டரிலும் தானே ஒத்திசையும். 68 வயது அம்மாவுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

டைரி கசியாது என்பது சரிதான். ஆனால் டைரி வைத்திருக்கிறவர்கள் எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டை வைக்கிறார்கள், ஏனென்றால் கையால் இருபது எழுத்தைத் தட்ட யாருக்கும் பொறுமை இல்லை. எங்கோ ஒரு உப்புமா ஷாப்பிங் தளம் கசிந்தால் அதை வைத்து உங்கள் மெயிலைத் திறந்து பார்ப்பார்கள்.

சந்தேகப்_பிராணி | சனி, இரவு 11:05

எனக்கு மூன்று பாஸ்வேர்ட் இருக்கிறது. ஒன்று இல்லை.

மயிலாப்பூர்_குமாஸ்தா | ஞாயிறு, காலை 6:30

நீங்கள் எல்லாம் உங்கள் பாஸ்வேர்டைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நான் அடுத்தவர் பாஸ்வேர்டோடு வாழ்கிறேன்.

ஆடிட்டர் ஆபீஸில் வேலை. சுமார் நானூறு கிளையன்ட். ஒவ்வொருவருக்கும் வருமான வரி, ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப் என்று நாலைந்து லாகின். எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில். ஷீட்டின் பெயர் "பாஸ்வேர்ட் லேட்டஸ்ட் ஃபைனல் 3". ஷேர்டு டிரைவில் இருக்கிறது, ஆர்டிகிள்ஷிப் பசங்கள் ஏழு பேரும் திறப்பார்கள். யாராவது வேலையை விட்டுப் போனால் கேக் வெட்டி அனுப்புவோம், ஒரு பாஸ்வேர்டைக்கூட மாற்றியதில்லை. இது போதாதென்று ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கிளையன்ட்களின் டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பின் எழுதிய ஸ்டிக்கர்.

சாரிடம் சொன்னால், "இருபது வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்கிறார். என்ன செய்யலாம்?

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட் | ஞாயிறு, காலை 8:10

அண்ணே, அந்த டப்பா முதலில் போக வேண்டும். டிஎஸ்சி என்பது கையெழுத்து. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பொறுப்பு என்கிறது. கிளையன்ட் ஒருவருக்கும் அவருடைய பார்ட்னருக்கும் சண்டை வந்து, "நான் கையெழுத்தே போடவில்லை, டோக்கன் ஆடிட்டரிடம் இருந்தது" என்று ஒருவர் சொன்னால் உங்கள் சார் என்ன பதில் சொல்வார்? இந்தக் கேள்வியை அவரிடம் கேளுங்கள். ஹேக்கர் என்று சொன்னால் அசைய மாட்டார், கோர்ட் என்று சொன்னால் அசைவார்.

எக்செல்லுக்குப் பதில், குழுவுக்கான பெட்டகம் வாங்கச் சொல்லுங்கள். யாருக்கு எந்தக் கிளையன்ட் என்று பிரித்துக் கொடுக்கலாம், யார் எப்போது எடுத்தார்கள் என்று பதிவு இருக்கும். ஒருவர் விலகினால் அவரை நீக்கிவிட்டு அவர் பார்த்த பட்டியலை மட்டும் மாற்றினால் போதும். நானூறையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். ரிட்டர்ன் போட வரும்போது ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், ஒரு வருடத்தில் முடிந்துவிடும்.

மயிலாப்பூர்_குமாஸ்தா | ஞாயிறு, காலை 8:22

கோர்ட் நல்ல யோசனை.

குரோம்பேட்டை_மருமகள் | ஞாயிறு, காலை 11:00

யாரும் சொல்லாத ஒரு நன்மையைச் சொல்கிறேன். மாமனாருக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது: பில் பாக்கி, இன்று இரவு 9.30-க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த லிங்க்கில் கட்டவும். பதறிப்போய்த் திறந்துவிட்டார். கட்டணப் பக்கம், அங்கிருந்து பேங்க் பக்கம், லோகோ, நிறம் எல்லாம் அச்சு அசல். ஆனால் வழக்கமாக அவர் கை வைப்பதற்குள் நிரப்பிவிடும் மேனேஜர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. முகவரி வேறு என்பதால் அதற்கு அது வேறு தளம், அவ்வளவுதான். கையால் தட்டலாம் என்றால் அவருக்குப் பாஸ்வேர்ட் தெரியாது, இருபத்திரண்டு எழுத்துக் கிறுக்கல். "அம்மா, இது ஏன் வேலை செய்யல?" என்று என்னைக் கூப்பிட்டார். தப்பித்தோம்.

நிரப்பவில்லை என்றால் மேனேஜர் கெட்டுவிட்டது என்று நினைத்து, தேடி எடுத்துக் காப்பி பண்ணிப் போடும் பழக்கம் மட்டும் வரக் கூடாது. இந்தக் காவலுக்கு எதிரி நம்மூர் பேங்க் தளங்கள் சிலவேதான். பேஸ்ட் பண்ணவிடாமல் தடுத்து, கையால் தட்டவைத்து, மனிதனின் கண்ணை நம்பச் சொல்கிறார்கள்.

ஓடிபியை போனில் படித்துச் சொல்பவரை எந்த மேனேஜரும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் பண்ண வேண்டும் என்று மாமனாரின் போன் கவருக்குள் எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணாநகர்_மாலை | ஞாயிறு, மாலை 5:45

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று யோசித்தேன்.

என் வீட்டுக்காரர் போன வருடம் தவறிவிட்டார். நெஞ்சு வலி, ஒரு மணி நேரம்கூட இல்லை. அவர் இந்த விஷயத்தில் மிகவும் கவனமானவர். மேனேஜர், இரண்டாவது பூட்டு, எல்லாம் உண்டு. எனக்குத்தான் எதுவும் தெரியாது. பேங்க்கில் நாமினியாக என் பெயர் இருந்தது, சான்றிதழ் கொடுத்து அது முடிந்தது. ஃபண்டும் முடிந்தது. காகிதம் இருந்த இடத்தில் எல்லாம் வழி இருந்தது. அவருடைய போன் மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆறு இலக்கம் எனக்குத் தெரியாது. பெண்ணின் கல்யாணத்தன்று அவர் எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன.

கூகுள் கணக்கில், இத்தனை மாதம் பயன்படுத்தாவிட்டால் இன்னாரிடம் ஒப்படை என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாமாம். மூன்று முதல் பதினெட்டு மாதம் வரை நாமே வைக்கலாம். ஐபோனிலும் 2021 முதல் வாரிசுத் தொடர்பு என்று இருக்கிறதாம். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. இரண்டையும் அவர் உயிரோடு இருக்கும்போதுதான் செய்திருக்க முடியும்.

நீங்கள் எழுதும் காகிதத்தில் போன் பின்னையும் எழுதுங்கள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

டெர்மினல்பூனை | ஞாயிறு, மாலை 6:30

அக்கா, நான் சொன்ன நாலோடு இது ஐந்து. எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருடம், என் மனைவிக்கும் எதுவும் தெரியாது. இன்றிரவு எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணி_பழசு | ஞாயிறு, இரவு 7:15

எழுதுகிறவர்கள் ஜெல் பேனாவில் எழுதாதீர்கள், ஈரம் பட்டால் கரைந்துவிடும். சாதாரண பால்பாயின்ட் அல்லது பென்சில். ஜிப் கவரில் போட்டுப் பரண் மேல். 2015-இல் எங்கள் தங்கை வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்கள் எல்லாம் கூழாகிவிட்டன.

மடிப்பாக்கம்வாசி | அடுத்த சனி, காலை 9:20

எல்லோருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

லேப்டாப்பை அம்மாவின் பெயரில் புதுக் கணக்குக்கு மாற்றினோம். மீட்பு எண்ணாக என்னுடையதையும் அக்காவுடையதையும் கொடுத்தோம், இரண்டும் உயிரோடு இருக்கும் எண்கள். மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு ஆறு முகப் பகடையே வாங்கினேன். தாயக்கட்டைக்கு உட்கார்ந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். முதலில் விழுந்த ஆறு சொல்லில் ஒன்று அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, "இதை மாத்து" என்றார். பிடித்ததாக மாற்றினால் பகடைக்கு அர்த்தமில்லை என்று வாதாடி ஜெயித்தேன். ஒரு வாரமாகத் தினமும் காலையில் காபிக்கு முன் தட்டிப் பழகுகிறார். மூன்றாம் நாளே என்னைவிட வேகம்.

காகிதம் இரண்டு பிரதி. ஒன்று பரணில், ஜிப் கவரில். இன்னொன்று திருச்சியில் அக்காவிடம். போன் பின்னும் இருக்கிறது, அண்ணாநகர் அம்மாவுக்குத் தனியாக நன்றி. பேங்க் பாஸ்வேர்டு எதுவும் காகிதத்தில் இல்லை, அவை மேனேஜருக்குள். பழைய டைரியைக் கிழிக்க அம்மா விடவில்லை. அது அப்பா வாங்கிக் கொடுத்தது.

ரிச்சித்தெரு_ரிப்பேர் | அடுத்த சனி, காலை 9:50

சார், 48 இலக்கம்?

மடிப்பாக்கம்வாசி | அடுத்த சனி, காலை 10:15

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும் தம்பி. பிரிண்டரில் இங்க் இல்லை. நான் திரையைப் பார்த்து வாசிக்க அம்மா எழுதினார். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி.

டெர்மினல்பூனை | அடுத்த சனி, காலை 10:22

கையால் எழுதினால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அந்த எட்டுத் தொகுதியும் ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். அப்படித்தான் உருவாக்குகிறார்கள், தப்பாகத் தட்டினால் அங்கேயே தெரிய வேண்டும் என்பதற்காக. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

மடிப்பாக்கம்வாசி | அடுத்த சனி, காலை 10:58

அம்மாவிடம் சொன்னேன். கால்குலேட்டரை நகர்த்தி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். ஒன்று விட்டு ஒன்று கூட்டு, இரண்டையும் கழி, 0 அல்லது 11-இன் மடங்கு வந்தால் சரி, ஏழாம் வகுப்புக் கணக்கு என்றார். எட்டுத் தொகுதிக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஐந்தாவது தொகுதியில் பென்சில் நின்றது. திரையோடு ஒப்பிட்டால் 7 இருக்க வேண்டிய இடத்தில் 1.

நான் தப்பாக வாசித்தேன் என்கிறார். அவர் தப்பாக எழுதினார் என்கிறேன். திருச்சிப் பிரதியையும் திருத்த வேண்டும், அக்காவுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறது.